கொழும்பில் ஒரு டிராகனை எங்கே ஒளித்து வைப்பது?

கேள்வி: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சாகசக் கதை எழுதுகிறேன். மச்சான் மச்சாள்மார் சேர்ந்து ஒரு டிராகன் குஞ்சைக் காப்பாற்றுகிறார்கள். கதை கொழும்பில் நடக்கலாமா, இல்லை மலையும் கோட்டையுமாக ஒரு கற்பனை நாடு வேண்டுமா?

கொழும்பிலேயே எழுதுங்கள். என் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் பள்ளி லீவுகளில் இப்படியொரு கதையைத் தொடராகச் சொல்லி வருகிறேன். அது நடப்பது வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியில். மலைக்கோட்டையில் டிராகன் இருப்பதில் என்ன அதிசயம்? நாலாம் மாடியில், பக்கத்து வீட்டு மாமிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், அதுதான் சாகசம்.

பிள்ளைகள் என்னிடம் சண்டையைப் பற்றிக் கேட்டதே குறைவு. "அது என்ன சாப்பிடும்? எங்கே படுக்கும்? லிப்டில் ஏறுமா?" இவற்றுக்குப் பதில் தேடினாலே கதை தானாக நகர்ந்துவிடும். குஞ்சுக்கு நெத்தலி வேண்டும். வாங்கி வந்த மீனில் பாதியைக் காணோமே என்று அம்மம்மா கேட்பார். மூத்தவனுக்குப் பொய் சொல்ல வராது, சின்ன மச்சாள்தான் சமாளிக்க வேண்டும்.

மச்சான் மச்சாள்மாரை வைத்தது நல்ல யோசனை. ஒருவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், கிணற்றில் நீந்திப் பழகியவன். கொழும்புப் பிள்ளைக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கனடாவிலிருந்து வந்தவளுக்கு ஒரு தெருவும் தெரியாது, ஆனால் பயமும் கிடையாது. அப்புறம், லீவு முடிந்தால் எல்லோரும் பிரிந்துவிடுவார்கள். அதற்குள் டிராகனுக்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும். இந்த அவசரம் எந்த வில்லனையும்விட நன்றாக வேலை செய்யும்.

டிராகனின் உடம்புக்கு, வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் காலையில் போய்க் கபரகொய்யாவை, அதாவது நீர் உடும்பைப் பாருங்கள். கறுத்த உடம்பு, மஞ்சள் புள்ளிகள். பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போகும், அந்த நாக்கைக் கொண்டுதான் அது மணம் பிடிக்கிறது. தண்ணீரில் இறங்கியதும் கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தட்டையான வாலை வளைத்து வளைத்து நீந்தும். இரண்டு மீட்டர் வளர்ந்தவையும் உண்டு. குளிர் இரத்தப் பிராணி என்பதால் வெயில் காய்ந்த பிறகுதான் அதற்குச் சுறுசுறுப்பு வரும். இதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்: எங்கள் டிராகனும் வெயில் காயாமல் நெருப்பு விடாது. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கியதும் சூரியனைக் காணோம், குஞ்சு சோர்ந்து போனது. பிள்ளைகள் சித்தியின் தலைமுடி உலர்த்தும் கருவியால் அதற்குச் சூடு பிடித்தார்கள். கறண்ட் போனது. அன்றைக்கு அந்த இடத்தில் நிறுத்தியதற்கு எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது!

முகத்துக்கு மகரம் இருக்கிறது. விகாரை வாசல்களில் மகர தோரணத்தைப் பார்த்திருப்பீர்கள்: முதலை வாய், யானைத் துதிக்கை. நம் கோயில் தூண்களில் யாளி நிற்கிறது. இவை இருக்க, வேறு எங்கோ இருக்கும் டிராகனைப் பார்த்து ஏன் வரைய வேண்டும்?

முடிவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. தயவுசெய்து டிராகனை வீட்டிலேயே வைத்துவிடாதீர்கள். கபரகொய்யாவையே பிடித்து வளர்க்க இங்கே சட்டம் இடம் தராது. அது குளியலறைக்குள் அடங்காத அளவுக்கு வளரட்டும், பிள்ளைகள் தாங்களாகவே முடிவெடுக்கட்டும். விடுவதற்கு இடமா இல்லை? ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மரப்பலகைப் பாதையில் நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் நாணலும் சேறும், ஒரு டிராகன் தாராளமாக ஒளியலாம். வெள்ளவத்தையிலிருந்து அங்கே வரை அதை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கே இரண்டு அத்தியாயம் தேவைப்படும். ஆட்டோவில் கொண்டுபோவதா, மழைவெள்ளம் ஏறிய கால்வாய் வழியே நீந்த விடுவதா என்று எங்கள் வீட்டில் இன்னும் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

முதல் அத்தியாயம் எழுதியதும் இங்கே போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, எந்த இடத்தில் கேள்வி கேட்டார்கள் என்று வந்து சொல்கிறேன்.