வயதானவர்களுக்குக் கால் தோல் வறண்டு அரிப்பது ஏன்? என்ன செய்யலாம்?

70 வயது அம்மாவுக்குக் காலில் வெள்ளை வெள்ளையாகச் செதில், இரவெல்லாம் அரிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய்ப் பசை குறையும், ஈரமும் நிற்காது. முழங்காலுக்குக் கீழே இது நன்றாகவே தெரியும்.

முதலில் சோப்பைக் கவனியுங்கள். தோலின் பி.எச். அளவு, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், ஏறக்குறைய 5. சாதாரண குளியல் சோப்பு 9, 10 வரை போகும், அந்தக் காரம் தோலை இன்னும் வறளச் செய்யும். அக்குள், தொடை இடுக்கு, பாதம், இவற்றுக்கு மட்டும் சோப்பு போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கிற கொஞ்சம் பசையையும் எடுத்துவிடும். வெதுவெதுப்பாக ஊற்றுங்கள்.

அப்புறம், துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ தடவுங்கள். என் பாட்டிக்கு இதைத்தான் செய்தோம். கெண்டைக்காலில் இருந்த நகக்கீறல்கள் மெல்ல ஆறின. உள்ளங்காலில் தடவினால் மட்டும் உடனே நடக்கவிடாதீர்கள், வழுக்கிவிடும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரித்தால் அது சொறிசிரங்காக இருக்கலாம். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு கோளாறுகளாலும் உடம்பு அரிக்கும்.