முட்டைகளைத் தோண்டாதீர்கள்

வணக்கம் சகோதரரே. பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரை அருகே விடியற்காலையில் ஆமைத் தடத்தைக் கண்டதாகவும், நாய்கள் தின்றுவிடும் என்று பயந்து முட்டைகளை எடுத்து வீட்டுத் தோட்டத்தில் புதைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதைப்பு புரிகிறது. ஆனால், தயவுசெய்து தோண்டாதீர்கள்.

முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் உட்பக்கம், மேற்புறத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். மணலின் சூடும் முக்கியம். ஏறக்குறைய 29 பாகை செல்சியசுக்கு மேல் பெண் குஞ்சுகளும், கீழே ஆண் குஞ்சுகளும் அதிகம் பிறக்கும். தோட்டத்து நிழல் அந்தக் கணக்கையே மாற்றிவிடும்.

உடனே மீன்வள இலாகாவை அழையுங்கள். பினாங்கின் பந்தாய் கெராசூட் கடற்கரையில் 1995இல் அமைந்த ஆமைப் பாதுகாப்பு மையம் அவர்களுடையதுதான். அவர்கள் வரும்வரை யாராவது காவல் நிற்கட்டும்.

அதற்குள் தடத்தை அலை அழித்துவிடலாம், ஆகவே அதை அளந்து படமெடுங்கள். இரு பக்கத் துடுப்புக் குறிகளும் நேருக்கு நேர் ஆழமாகப் பதிந்து, அகலம் ஒரு மீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலும் பச்சை ஆமை. குறிகள் மாறி மாறி விழுந்து, 70, 80 சென்டிமீட்டர்தான் என்றால் சிற்றாமை என்னும் ஆலிவ் ரிட்லி. எந்த இனம் எங்கே ஏறுகிறது என்று அறிய ஆய்வாளர்களுக்கு இத்தகைய பதிவுகள் மிகவும் தேவை.

இடத்தை மட்டும் இங்கே பொதுவில் எழுதிவிடாதீர்கள். முட்டை திருடுபவர்களும் படிப்பார்கள்.