குதிரைக்குப் பக்கத்தில் மூச்சை விடுங்கள்

கேள்வி: என் 16 வயது மகளுக்கு அடிக்கடி பதற்றம் வருகிறது. ‘குதிரையில் ஏறக்கூட வேண்டாம், பக்கத்தில் நின்று பழகினாலே நல்லது’ என்கிறார் மனநல ஆலோசகர். அதனால் என்ன மாறும்?
– வாசகி, ஈரோடு

பதில்: குதிரை, ஓநாய்க்கு இரையாக இருந்த பிராணி. அருகில் நிற்பவரின் உடம்பு இறுகுகிறதா, தளர்கிறதா என்று பார்த்தே பிழைத்து வந்தது. உங்கள் மகள் தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனால் அது தலையை உயர்த்தும், ஓரடி விலகும். அவள் நீளமாக மூச்சை விட்டால் பெரும்பாலும் தலை மெல்லத் தாழும், ஒரு பின்னங்கால் குளம்பு நுனியில் ஓய்ந்து நிற்கும், வாயை மெல்லும். பதற்றத்தில் இருப்பவருக்குத் தன் உடம்பு இறுகியிருப்பதே பல நேரம் தெரியாது. குதிரை அதை அந்த நொடியே காட்டிவிடுகிறது. பயன் இதுதான்.

ஆரம்பத்தில் தேய்த்துவிடும் வேலையே போதும். நெற்றிக்கு நேர் எதிரிலும் வாலுக்குப் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே இடது தோள் பக்கமாகப் போக வேண்டும். ரப்பர் சீப்பால் கழுத்திலிருந்து பின்தொடை வரை வட்டமாகத் தேய்த்து, பிறகு முடி படியும் திசையில் பிரஷ் போட வேண்டும். முகத்திலும் கால் எலும்பிலும் ரப்பர் சீப்பு வேண்டாம், வலிக்கும். அவசரப்பட்டால் தோல் சிலிர்க்கும், வால் சுழலும். காது பின்னால் ஒட்டிக்கொண்டால் உடனே நிறுத்தி விலக வேண்டும்.

அடுத்து, நடத்திப் போவது. எதிரே நின்று கயிற்றை இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இழுத்தால் அதுவும் எதிர்த்து இழுக்கும். 400 கிலோ பிராணி நகராது. தோளருகே நின்று, போகிற இடத்தைப் பார்த்து அடியெடுத்து வைத்தால் கூடவே வரும். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது. மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஈ கடித்தாலும் வால் ஆடும், வயிறு வலித்தாலும் காது மடங்கும். ‘குதிரை உன் மனசைப் படித்துவிட்டது’ என்பவரை நம்பாதீர்கள். ‘இப்போது உடம்பில் எங்கே இறுக்கம்?’ என்று கேட்பவர்தான் வேலை தெரிந்தவர். மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால் அதைத் தானாக நிறுத்தக் கூடாது.

கேள்வி: செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் தசைகள் சரியாக இயங்காத நிலை) உள்ள என் 7 வயது மகனைக் குதிரையில் ஏற்றலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: மருத்துவர் சம்மதித்தால் ஏற்றலாம். நடக்கும் குதிரையின் முதுகு முன்பின்னும் பக்கவாட்டிலும் அசைந்து, சற்றே திருகும். நாம் நடக்கையில் நம் இடுப்பும் அப்படித்தான் அசைகிறது. விழாமல் உட்கார முயலும்போது பிள்ளையின் நடு உடம்புத் தசைகள் வேலை செய்கின்றன. போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்ற பிறகு இந்தச் சிகிச்சை பரவலாகக் கவனம் பெற்றது.

முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, மூட்டு விலகல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுப்படாத வலிப்பு இருந்தால் ஏற்றக் கூடாது. தலைக்கு ஹெல்மெட், கயிறு பிடிக்க ஒருவர், இரு பக்கமும் கூட நடக்க இருவர் வேண்டும். பிள்ளையைச் சேணத்தோடு கட்டுகிறார்களா? கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். குதிரை சரிந்தால் அவன் அடியில் சிக்கிக்கொள்வான்.