அயோவா: 1-ஆம் தொகுதியும் 2-ஆம் தொகுதியும் இடம் மாறிய கதை

அமெரிக்க மாநிலமான அயோவாவின் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தல் முடிவுகளைத் தொகுத்த உங்கள் பட்டியலில் தப்பு இல்லை. 2020-இல் ஆஷ்லி ஹின்சன் வென்றது 1-ஆம் தொகுதி, மில்லர்-மீக்ஸ் வென்றது 2-ஆம் தொகுதி. 2022-இல் அப்படியே தலைகீழ். "யாரோ வரிசையை மாற்றி ஒட்டிவிட்டார்களோ" என்று கேட்டிருந்தீர்கள். மாறியது வரைபடம்தான். 2021-இல் அயோவாவின் 4 தொகுதிகளையும் புதிதாக வரைந்தபோது எண்களும் இடம் மாறின. அயோவா சிட்டி இருக்கும் ஜான்சன் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) பழைய 2-இலிருந்து புது 1-க்குப் போனது. சீடர் ராபிட்ஸ் இருக்கும் லின் கவுண்டி பழைய 1-இலிருந்து புது 2-க்கு வந்தது.

அதனால் இரண்டு தேர்தல்களையும் தொகுதி எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள், கணக்கு கந்தலாகிவிடும். ஓட்டுகளைக் கவுண்டி வாரியாகக் கூட்டுங்கள். அயோவாவில் நாடாளுமன்றத் தொகுதிக்காக எந்தக் கவுண்டியையும் பிளக்க மாட்டார்கள். மொத்தமே 99தான், ஒரு மாலை வேலை. (இல்லினாய் என்றால் இந்த வழி நடக்காது. அங்கே கோடு தெருவுக்குத் தெரு வளையும்.)

அப்புறம், 2020-இல் மில்லர்-மீக்ஸின் ஓட்டு வித்தியாசம் 6 என்று இருப்பதைப் பார்த்து, மூன்று சுழியம் விட்டுப்போனதாக நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அவருக்கு 1,96,964, எதிர் வேட்பாளருக்கு 1,96,958. மறு எண்ணிக்கைக்குப் பிறகு உண்மையிலேயே ஆறே ஓட்டுதான்!