ஒரே இன்ஜின், மூன்று எண்கள்

கேள்வி: தகவலைத் துளைகளாகப் பதிந்து இயந்திரத்தில் வரிசைப்படுத்திய துளை அட்டைக் காலத்தில் ரயில் இன்ஜின் விவரப் புத்தகம் தொகுக்க, இன்ஜின் எண்ணை மட்டும் அடையாளமாகக் கொண்டால் போதாதா?

பதில்: போதாது. எண் மாறும். பிரிட்டனின் புகழ்பெற்ற நீராவி இன்ஜின் மல்லார்டின் எண் 1938-இல் 4468, 1946-இல் 22, ரயில்வே நாட்டுடைமையான பின் 60022. எண்ணை நம்பினால் ஒரே இன்ஜின் மூன்றாகப் பதிவாகிவிடும். கட்டிய பணிமனையும் அது தந்த தயாரிப்பு எண்ணும் சேர்ந்ததே நிலையான அடையாளம்; மல்லார்டுக்கு டான்காஸ்டர் பணிமனை, தயாரிப்பு எண் 1870.

வழக்கமான அட்டையில் இருப்பது 80 பத்திகள், அதாவது செங்குத்து வரிசைகள்; ஒன்றில் ஓர் இலக்கம். எண்ணுக்கு 5 ஒதுக்கி, 04468 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்தே துளையிட வேண்டும். இடது ஓரமாக 4468 என்று துளையிட்டால், பின்னால் வரவேண்டிய 10000 முன்னால் போய் நிற்கும். வரிசைப்படுத்தும் இயந்திரம் ஒரு ஓட்டத்தில் ஒரு பத்தியைத்தான் பார்க்கும். கடைசி இலக்கத்திலிருந்து தொடங்கி 5 ஓட்டம். முதல் இலக்கத்தில் தொடங்கினால் அத்தனையும் வீண்.

அடுக்கிய கட்டின் மேல்விளிம்பில் மூலைவிட்டமாகப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இடம் மாறிய அட்டை உடனே கண்ணில் படும்.