டயாலிசிஸ் நோயாளிக்குக் கால்சிஃபைலாக்சிஸ் வந்தால் என்ன சிகிச்சை?

அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது, தொடையில் கருநீலத் திட்டுகள் வந்து புண்ணாகிவிட்டன, கால்சிஃபைலாக்சிஸ் என்கிறார்கள், இதற்கு வைத்தியம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். இந்தப் புண்ணைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

தோலுக்கும் அதன் அடியிலுள்ள கொழுப்புக்கும் ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களில் கால்சியம் படிந்து அடைத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத இடம் செத்துக் கறுக்கிறது. அதனால் மேலே களிம்பு தடவி மட்டும் இதை ஆற்ற முடியாது.

முதல் வேலையாக, அம்மா சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் அட்டையோடு சிறுநீரக டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை அதில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ரத்தக் குழாயில் கால்சியம் படியாமல் காக்கும் புரதத்துக்கு வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அதைத்தான் தடுக்கிறது. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளையும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். பாஸ்பரஸைக் குறைக்கக் கால்சியம் இல்லாத செவலமர் மாத்திரை தருவார்கள். ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும் பாராதைராய்டு ஹார்மோன் எகிறியிருந்தால் அதைக் குறைக்கச் சினாகால்செட் மாத்திரை, அதற்கும் அடங்காவிட்டால் அந்தச் சுரப்பியை எடுக்க ஆபரேஷன். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். செயற்கை இதய வால்வு வைத்தவர் வார்ஃபரினைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து. வழக்கமாக 25 கிராம், டயாலிசிஸின் கடைசி ஒரு மணி நேரத்தில் நரம்பு வழியாக ஏற்றுவோம். இது பலன் தரும் என்று பெரிய ஆய்வு எதுவும் உறுதி செய்யவில்லை. அனுபவத்தை நம்பித்தான் டாக்டர்கள் எழுதுகிறார்கள். குமட்டும், வாந்தி வரும். உடனே சொன்னால் வேகத்தைக் குறைத்து ஏற்றலாம். ரத்தத்தில் அமிலம் கூடுகிறதா என்றும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

வலியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். போர்வை உரசினாலே துடித்துப்போவார்கள். பாரசிட்டமால் போதவே போதாது. மார்ஃபின் சிறுநீரகம் செயலிழந்தவர் உடம்பில் தேங்கிவிடும் என்பதால் ஃபென்டனில் போன்றதைத் தருவார்கள். 'பொறுத்துக்கோங்க' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வலி நிவாரண டாக்டரை முதல் வாரத்திலேயே பார்க்கக் கேளுங்கள். ட்ரெஸ்ஸிங் மாற்றும் முன்பே வலி மருந்து கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், இது கொடிய நோய். ஒரு வருடத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுகிறார்கள், பெரும்பாலும் புண்ணில் தொற்று ஏறி. எனவே காய்ச்சல், சீழ், துர்நாற்றம் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்க வேண்டாம். இன்சுலின் ஊசி போடுகிறீர்கள் என்றால் அந்தத் தொடையில் குத்தாதீர்கள்.