பாட்டி வீட்டுப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் கறுப்பினக் குடியிருப்புகளை என்ன செய்தது என்று போன இதழில் எழுதியிருந்தேன். அந்த நகரில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவள் நான். வந்த கடிதங்களிலிருந்து மூன்று கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: கறுப்பின மாணவர்களுக்கென்று அமெரிக்காவில் இன்னும் தனிக் கல்லூரிகள் இருக்கின்றனவா? எதற்கு? (வாசகர், திருநெல்வேலி)

இருக்கின்றன, சுமார் நூறு. அடிமை முறை ஒழிந்த பிறகும் வெள்ளையர் கல்லூரிகள், முக்கியமாகத் தென் மாநிலங்களில், கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்போது அவர்களுக்காக எழுந்தவைதான் இவற்றில் பெரும்பாலானவை. 1964-க்கு முன் தொடங்கப்பட்ட இத்தகைய கல்லூரிகளுக்குச் சட்டத்திலேயே தனி இடம் உண்டு. இன்று எந்த இனத்தவரும் சேரலாம். பல கல்லூரிகள் கடலோரத்திலும் ஆற்றுப் படுகைகளிலும் இருக்கின்றன. நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழக வளாகம் கத்ரீனாவில் மூழ்கியது. 2006-இன் தொடக்கத்தில் ஒரு ஹோட்டலையே வகுப்பறையாகவும் விடுதியாகவும் ஆக்கிக்கொண்டு பாடம் நடத்தினார்கள்.

கேள்வி: அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். கடலோர மக்களுக்கான காலநிலை நீதி, அதாவது காலநிலைப் பாதிப்பும் நிவாரணமும் எல்லாருக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்பது, பற்றிக் கூட்டம் வைத்தால் மாணவர்கள் வருவதில்லை. பனிக்கட்டி உருகுவது, கடல் மட்டம் உயர்வது என்று நல்ல படங்கள் எல்லாம் காட்டுகிறேன். அவர்களுக்கு அக்கறை இல்லையோ என்று சோர்வாக இருக்கிறது. எப்படி ஈர்ப்பது? (வாசகி, லூசியானா)

அக்கறை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், சகோதரி. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலராவது புயலுக்குப் பயந்து காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போன குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். துருவக் கரடியைக் காட்டி அவர்களுக்கு ஆபத்தைப் புரியவைக்கத் தேவையில்லை. என் மாணவி ஒருத்தி ஒருமுறை நேராகவே கேட்டாள்: “எங்கள் பாட்டி இன்னும் ஏன் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை? அதைப் பற்றி இந்தப் பாடத்தில் எங்கே வருகிறது?” அதற்குப் பிறகு நான் பாடத்தையே அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன்.

அந்தப் பாட்டியின் வீடு நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்ட் பகுதியில் இருந்தது. தொழில் கால்வாயின் தடுப்புச் சுவர் 2005 ஆகஸ்ட் 29 அன்று உடைந்து, வீடுகளை அடித்தளத்திலிருந்து பெயர்த்துக்கொண்டு போன இடம் அது. ஏழைகள் என்றாலும் அங்கே சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். தாத்தா கட்டிய வீடு அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு. உயில் கிடையாது, பாகப்பிரிவினை கிடையாது, பத்திரம் இன்னும் தாத்தா பெயரில். நம் ஊரில் பட்டா மாற்றாமல் விட்ட வீடுகளை நினைத்துக்கொண்டால் உங்களுக்கு விளங்கிவிடும். நிவாரணம் கேட்டுப் போனபோது “வீடு உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரம் எங்கே?” என்று திருப்பி அனுப்பினார்கள்.

பத்திரம் சரியாக இருந்தவர்களுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. வீடு கட்ட உதவி தர ‘ரோடு ஹோம்’ என்று ஒரு திட்டம் வந்தது. புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு எவ்வளவு, திரும்பக் கட்ட எவ்வளவு செலவாகும், இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் தொகை கணக்கிட்டார்கள். கறுப்பினத் தெருவில் இருக்கும் வீட்டுக்குச் சந்தை மதிப்பு குறைவு. மரம், ஆணி, கூலி எல்லாம் எந்தத் தெருவிலும் ஒரே விலைதான். ஆகவே அதே அளவு வீடு, அதே அளவு சேதம் என்றாலும் கறுப்பினக் குடும்பத்துக்குக் கையில் வந்தது குறைவு. 2008-இல் வழக்குப் போட்டார்கள், 2011-இல் 6 கோடியே 20 லட்சம் டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். காற்று எல்லா வீட்டையும்தான் அடித்தது, நிவாரணம்தான் இனம் பார்த்துப் போயிருக்கிறது என்று மாணவர்களே சொல்வார்கள். காலநிலை நீதி என்றால் என்ன என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம், அவர்களுக்கு வேலை கொடுங்கள், உண்மையான வேலை. இதற்கு நம் ஆசிரியர் தொழிலிலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1979-இல் ஹூஸ்டனில், நார்த்வுட் மேனர் என்ற கறுப்பினக் குடியிருப்புக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வைக்கப் போனார்கள். மக்கள் சார்பில் வழக்குத் தொடுத்தவர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட். அவருடைய கணவர் ராபர்ட் புல்லார்ட் டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர். நகரத்தின் குப்பை எங்கெங்கே போகிறது என்று தேட அவர் தம் மாணவர்களையே களத்தில் இறக்கினார். பழைய ஆவணங்களைப் புரட்டினார்கள், இடங்களை நேரில் போய்ப் பார்த்தார்கள். மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் கால் பங்குதான். ஆனால் நகராட்சியின் ஐந்து குப்பைக் கிடங்குகளும், எட்டு எரியூட்டும் நிலையங்களில் ஆறும் கறுப்பினப் பகுதிகளில் இருந்தன. வழக்கு தோற்றது, அதையும் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கணக்கெடுப்பிலிருந்துதான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நீதி ஆய்வு ஒரு துறையாகவே வளர்ந்தது. அந்த மாணவர்களை யாரும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வேண்டிய எண்ணிக்கையைக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினார்கள்.

உங்கள் ஊரில் என்ன வேலை என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, மாணவர்களும் கூடாது. அங்கே வாழும் மக்கள் சொல்ல வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். கத்ரீனாவுக்குப் பிறகு ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், கேள்வித்தாள் கொடுத்தார்கள், மண்ணைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று தெருக்காரர்களுக்குச் சொல்லத் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. அதனால் முதல் பருவத்தில் எதையும் அளக்காமல், தெருச் சங்கக் கூட்டத்திலும் தேவாலயத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வேதியியல் மாணவர்கள் மண்ணில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கலாம். சட்டம் படிக்கப் போகிறவர்கள் வழக்கறிஞரின் மேற்பார்வையில், பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும் குடும்பங்களின் வாரிசு விவரங்களைத் திரட்டலாம். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவதுதான் அவசரம். அடுத்த புயல் வருவதற்கு முன் ஒரு வீட்டுப் பத்திரம் சரியானாலும் ஒரு குடும்பம் தப்பிக்கும். பேராசிரியர்களுக்குத்தான் இது ஆராய்ச்சியாகவே தெரிவதில்லை!

ஒன்றை விட்டுவிட்டேன்: பணம். உங்கள் கூட்டத்துக்கு வராத பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பாதிப் பேர் கடையிலோ உணவகத்திலோ வேலை செய்துகொண்டிருப்பார்கள். சனிக்கிழமை களப்பணிக்கு வா என்றால் அன்றைய சம்பளத்தை விடு என்று அர்த்தம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சும்மா வரும், இவர்களால் முடியாது. உதவித்தொகை எழுதி வாங்குங்கள், மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள், போக வர வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

நீங்கள் தனியாகவும் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் 1992-இல் பெவர்லி ரைட் தொடங்கிய ‘டீப் சவுத்’ சுற்றுச்சூழல் நீதி மையம் இருக்கிறது. அவரும் புல்லார்டும் 2011-இல் கறுப்பினக் கல்லூரிகளுக்கான காலநிலைக் கூட்டமைப்பை ஏற்படுத்தினார்கள். அதன் மாநாடுகளில் மாணவர்களே மேடையேறித் தங்கள் ஊர்க் கணக்கைச் சொல்வார்கள். 2015 பாரிஸ் காலநிலை மாநாட்டுக்கும் இந்தக் கல்லூரிகளிலிருந்து மாணவர் குழு போனது. கடல் அறிவியலில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் ஜார்ஜியாவின் சவானா ஸ்டேட்டைப் பற்றிச் சொல்லுங்கள், உப்புச் சதுப்புக்கு அருகிலேயே இருக்கும் கறுப்பினப் பல்கலைக்கழகம்.

கேள்வி: மாணவர்களும் மக்களும் இவ்வளவு பாடுபட்டு உண்மையில் எதையாவது மாற்றியிருக்கிறார்களா? (கல்லூரி மாணவர், சென்னை)

மாற்றியிருக்கிறார்கள். கப்பல்கள் கடலிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குச் சுருக்கு வழியில் வர 1960-களில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். ஊர்மக்கள் அதை ‘மிஸ்டர் கோ’ என்பார்கள். அதன் வழியே உப்புநீர் உள்ளே ஏறி, புயல் அலையைத் தாங்கிக்கொண்டிருந்த சைப்ரஸ் காட்டை அழித்தது. லோயர் நைன்த் வார்டின் விளிம்பில் நின்று பார்த்தால் திறந்த நீர்ப்பரப்பும் பட்டுப்போன அடிமரங்களும்தான் தெரியும். கத்ரீனாவுக்குப் பிறகு மக்கள் விடாமல் கேட்டதால் 2009-இல் கால்வாயைக் கற்களால் அடைத்தார்கள். தன்னார்வ மாணவர்கள் அங்கே புல்லும் சைப்ரஸ் கன்றும் நட்டிருக்கிறார்கள். பத்திரப் பிரச்சினையிலும் வழி பிறந்தது. பத்திரம் தம் பெயரில் இல்லாதவர்களும் வேறு ஆதாரம் காட்டி உதவி பெறலாம் என்று மத்தியப் பேரிடர் நிறுவனமான ஃபெமா 2021-இல் விதியைத் தளர்த்தியது.

பின்னடைவும் உண்டு. சுற்றுச்சூழல் நீதியை மத்தியத் துறைகள் எல்லாம் கவனிக்க வேண்டும் என்று 1994-இல் அதிபர் கிளிண்டன் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் ரத்து செய்துவிட்டார்கள். எனக்கு அது மிகுந்த வருத்தம். ஆனால் ஹூஸ்டன் மாணவர்கள் குப்பைக் கிடங்குகளை எண்ணிய காலத்தில் அப்படி ஓர் ஆணையே கிடையாது. ‘மிஸ்டர் கோ’ அழித்த சதுப்பு நிலத்தை மீட்கும் செலவு முழுவதையும் மத்திய அரசே ஏற்க வேண்டும் என்று 2022-இல் சட்டம் வந்திருக்கிறது. அதன்படி ஆண்டுதோறும் பணம் ஒதுக்கப்படுகிறதா என்று பார்த்து, ஒதுக்காவிட்டால் கேள்வி கேட்க ஆள் வேண்டும். பட்ஜெட் படிக்கத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் அதைச் செய்யலாம்.